தன் பாட்டைத் தானே திருடியதாக ஒரு வழக்கு: ஜான் ஃபோகர்ட்டி நிகழ்வு ஆய்வு

1985-இல் வெளியான ஒரு ராக் பாட்டின் மேல் அமெரிக்காவில் பதிப்புரிமை வழக்கு ஒன்று போடப்பட்டது. புதிய பாட்டு 1970-இல் வந்த வேறொரு பாட்டின் நகல் என்பது குற்றச்சாட்டு. இரண்டையும் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் எல்லாம் ஒரே ஆள்தான். பழைய பாட்டின் உரிமை மட்டும் அவரிடம் இல்லை. அதனால் அவரே பிரதிவாதி ஆனார்.

வேடிக்கையான செய்தியாகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்த வழக்கு ஒரு நீண்ட சிக்கலின் நடுப்பகுதிதான். அந்தச் சிக்கல் 1968-இல் போட்ட ஒரு கையெழுத்தில் ஆரம்பித்து 2023-இல்தான் ஓரளவு தீர்ந்தது. ஒப்பந்தத்தின் எந்தச் சரத்து அவரை உண்மையில் கட்டிப்போட்டது, எந்த இடத்தில் அவரே தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டார் என்று பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே நோக்கம். பாடகர் ஜான் ஃபோகர்ட்டியின் பெயர் நீதிமன்றத் தீர்ப்பின் தலைப்பிலேயே இருக்கிறது, அதை மறைப்பதில் பொருளில்லை. மற்றவர்களை அண்ணன், கூட்டாளிகள், நிறுவனத் தலைவர், கணக்காளர் என்று அவரவர் இடத்தை வைத்தே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

ஃபோகர்ட்டி 1945-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்தவர். வளர்ந்தது பக்கத்து ஊரான எல் செரிட்டோவில். 1959-இல் பள்ளித் தோழர்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு ஒரு குழு ஆரம்பித்தார். ஒருவர் டிரம்ஸ், இன்னொருவர் முதலில் பியானோ, பிறகு பேஸ் கிட்டார். நாலு வயது மூத்த அண்ணன் பின்னால் வந்து சேர்ந்தார். தொடக்கத்தில் பாடியவர் அண்ணன்தான். தம்பியின் குரலில் வேறொரு கரகரப்பு இருப்பது தெரிந்த பிறகு அண்ணன் ரிதம் கிட்டாருக்கு நகர்ந்துகொண்டார். இந்த இடமாற்றம் பிற்பாடு பெரிய புண்ணாகப் போகிறது.

1964-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபேன்டஸி ரெக்கார்ட்ஸ் கதவைத் தட்டினார்கள். ஜாஸ் இசைத்தட்டுகள் போடும் சின்ன நிறுவனம் அது. டிவியில் அதைப் பற்றி வந்த ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். நிறுவனம் சேர்த்துக்கொண்டது. ஆனால் குழுவின் பெயரைத் தன் விருப்பப்படி 'கோலிவாக்ஸ்' என்று மாற்றிவிட்டது. பையன்களுக்கு அந்தப் பெயர் பிடிக்கவே இல்லை. இருந்தும் சில வருடம் அந்தப் பெயரிலேயே தட்டு போட்டார்கள், எதுவும் பெரிதாக எடுபடவில்லை. இதற்கு நடுவில் ஃபோகர்ட்டி ராணுவத்தின் ரிசர்வ் படையில் சேர வேண்டியிருந்தது.

1967-இல் நிறுவனம் கைமாறியது. அங்கேயே விற்பனைப் பிரிவில் இருந்த ஒருவர் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு அதை வாங்கினார். இவரைத்தான் இனி தலைவர் என்று சொல்லப் போகிறேன். புதுத் தலைவர் வேறு பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னார். கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் பிறந்தது. 1968-இல் புதிய ஒப்பந்தமும் கையெழுத்தானது. அப்போது ஃபோகர்ட்டிக்கு இருபத்திரண்டு வயது.

ஒப்பந்தத்தில் இருந்தவை

ஒரு பாட்டுக்குள் இரண்டு தனிச் சொத்துகள் இருக்கின்றன. இது தெரியாமல் இனி வரும் எதுவும் புரியாது. வரியும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒன்று. அதன் உரிமை வழக்கமாக வெளியீட்டாளரிடம் போகும், எழுதியவருக்கு ஒரு பங்கு வரும். அந்தப் படைப்பை ஒரு குறிப்பிட்ட நாளில் ஸ்டுடியோவில் பாடிப் பதிவுசெய்த ஒலிப்பதிவு இன்னொன்று. அது இசை நிறுவனத்துக்குச் சொந்தம், பாடியவர்களுக்கு விற்பனையில் ராயல்டி. கிரீடன்ஸ் விஷயத்தில் இரண்டு சொத்தும் ஒரே கூரையின் கீழ் போய்ச் சேர்ந்தன. ஒலிப்பதிவு ஃபேன்டஸியிடம். பாட்டின் உரிமையும் அதன் வெளியீட்டுப் பிரிவு வழியாக அங்கேயே.

புதிதாக வரும் பாடகர்கள் இப்படிக் கையெழுத்துப் போடுவது அந்தக் காலத்தில் சாதாரணம்தான். இதை மட்டும் வைத்து யாரையும் வில்லனாக்க முடியாது. உண்மையான பொறி வேறொரு சரத்தில் இருந்தது. குழு இத்தனை பாட்டுகளைப் பதிவுசெய்து தந்தாக வேண்டும் என்று ஒரு எண்ணிக்கைக் கடமை. கொடுத்து முடிக்காத பாட்டுகள் கடன்போல அடுத்த காலத்துக்குத் தொடரும். வருடங்களைச் சொல்லும் ஒப்பந்தம் காலண்டரில் ஒருநாள் முடியும். பாட்டுகளைச் சொல்லும் ஒப்பந்தம் பாடி முடிக்கும்வரை முடியாது.

நன்றாக விற்க ஆரம்பித்தால் ஒப்பந்தத்தைத் திருத்தித் தருவதாகத் தலைவர் வாய்மொழியாகச் சொன்னார் என்பது ஃபோகர்ட்டியின் தரப்பு. காகிதத்தில் அப்படி எதுவும் வரவில்லை.

வெற்றி வந்த வேகம்

1969 ஒரே வருடத்தில் மூன்று ஆல்பம். 1970-இல் இன்னும் இரண்டு. அமெரிக்காவின் பில்போர்டு தனிப்பாட்டுப் பட்டியலில் ஐந்து முறை இரண்டாம் இடம் வரை போனார்கள், ஒருமுறைகூட முதலிடம் கிடைக்கவில்லை. 1969-இல் நடந்த உட்ஸ்டாக் என்ற பெரிய இசை விழாவில் நள்ளிரவுக்குப் பிறகு மேடை ஏறினார்கள். அன்று பாடியது திருப்தியாக இல்லை என்று ஃபோகர்ட்டி அந்த விழாவைப் பற்றிய படத்தில் சேர்க்க விடவில்லை.

எழுத்து, மெட்டு, குரல், முன்னணி கிட்டார், ஏற்பாடு, தயாரிப்பு எல்லாம் அவர் கையில். போதாததற்குக் குழுவுக்குத் தனி மேலாளர் கிடையாது, அதையும் அவரே பார்த்துக்கொண்டார். இது எனக்கு இந்தக் கதையின் முக்கியமான திருப்பமாகத் தெரிகிறது. இசையில் அவ்வளவு பிடிவாதமும் நுட்பமும் இருந்த ஒருவர், நிறுவனத்தோடு பேரம் பேச வேண்டிய நாற்காலியிலும் தானே உட்கார்ந்தார். 1969-இலும் 1970-இலும் அந்த நிறுவனத்துக்குப் பெரிய வருமானம் என்று இருந்தது இந்த ஒரு குழு மட்டும்தான். ஒப்பந்தத்தைத் திருத்த அதைவிட நல்ல நேரம் வரப்போவதில்லை. அனுபவமுள்ள ஒரு வக்கீல் அந்த இரண்டு வருடத்தில் எண்ணிக்கைச் சரத்தையாவது உடைத்திருப்பார்.

1971 ஆரம்பத்தில் அண்ணன் விலகினார். தம்பி எல்லாவற்றையும் தன் பிடியில் வைத்திருந்ததுதான் காரணம். மிச்சமிருந்த இரண்டு கூட்டாளிகளும் தங்களுக்கும் எழுத, பாட இடம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சரி, அடுத்த ஆல்பத்தில் ஆளுக்கொரு பங்கு எழுதிப் பாடுங்கள் என்று ஃபோகர்ட்டி விட்டார். 1972-இல் வந்த அந்த ஆல்பத்தை விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அக்டோபரில் குழு கலைந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் ஃபேன்டஸி பெர்க்லியில் தனக்கென்று புதுக் கட்டடம் கட்டிக் குடியேறியிருந்தது. கிரீடன்ஸ் கட்டிய வீடு என்று அதை ஊரில் சொல்வார்கள்.

பஹாமாஸ் பணம்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், வழக்குக்கு நேரடித் தொடர்பு குறைவு. வரியைக் குறைப்பதற்காகக் குழுவின் சேமிப்பு பஹாமாஸில் உள்ள ஒரு வங்கிக்குப் போனது. நிறுவனத்தின் வட்டாரத்திலிருந்து வந்த யோசனை அது. 1977-இல் வங்கி மூழ்கியது. பணம் போயிற்று. குழுவினர் கணக்காளர் உள்ளிட்ட ஆலோசகர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். 1983-இல் கலிபோர்னியா நீதிமன்றத்தில் 86 லட்சம் டாலர் தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அதில் கைக்கு வந்தது மிகக் கொஞ்சம்.

ஏற்கனவே உரிமை கையில் இல்லை, இப்போது சேமிப்பும் இல்லை. அடுத்து அவர் எடுத்த முடிவுகளை இந்த இரண்டையும் மனதில் வைத்துப் படித்தால்தான் நியாயமாக இருக்கும்.

எட்டு ஆல்பக் கடன்

குழு கலைந்ததும் நிறுவனம் மற்ற மூவரையும் கடமையிலிருந்து விடுவித்தது. எழுதுகிற ஆளை மட்டும் விடவில்லை. அவர் கணக்கில் இன்னும் எட்டு ஆல்பம் பாக்கி நின்றது.

1973-இல் நாட்டுப்புறப் பாணிப் பழைய பாட்டுகளை எடுத்து, எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்து ஓர் ஆல்பம் போட்டார். அதில் தன் பெயரை முன்னால் போடவில்லை, ஏதோ ஒரு குழு வாசித்ததுபோல வெளியிட்டார். அதற்குப் பிறகு இந்த நிறுவனத்துக்கு இனி ஒரு பாட்டும் தரமாட்டேன் என்று நின்றுவிட்டார். முட்டுச்சந்து. கடைசியில் அசைலம் ரெக்கார்ட்ஸ் பத்து லட்சம் டாலர் கொடுத்து அவரை அமெரிக்கச் சந்தைக்கு வாங்கியது. வெளிநாட்டு உரிமை பழைய நிறுவனத்திடமே இருந்தது, ஆகவே கயிறு முழுதாக அறவில்லை. 1975-இல் ஒரு ஆல்பம் வந்து சுமாராகப் போனது. அடுத்ததை 1976-இல் முடித்துக் கொடுத்தபோது, இது வேண்டாம் என்று அசைலமே சொல்லிவிட்டது. அவரும் மறுக்கவில்லை. அதற்கப்புறம் ஒன்பது வருடம் ஒரு ஆல்பமும் இல்லை.

அந்த மௌனத்தின் நடுவில், 1980 வாக்கில், மிச்சக் கடமையிலிருந்து முழுதாக வெளியே வர ஒரு விலை கொடுத்தார். கிரீடன்ஸ் ஒலிப்பதிவுகளில் பாடகராகத் தனக்கு வரவேண்டிய ராயல்டியை விட்டுக்கொடுத்தார்.

ஏன் இப்படிச் செய்தார்? அந்த நேரத்தில் அவருக்குப் பாட்டே வரவில்லை. எழுதுவது எதுவும் அவர்களுக்குப் போய்ச்சேரும் என்ற நினைப்பே கையைக் கட்டியது என்று பின்னாளில் சொன்னார். வருங்காலத்தை மீட்கக் கடந்த காலத்தை விற்றார் என்று வைத்துக்கொள்ளலாம். தவறான கணக்கு என்று சொல்வது இன்று சுலபம். 1976-இல் ஃபேன்டஸி குழுவின் இருபது பாட்டுகளைச் சேர்த்து ஒரு தொகுப்பு வெளியிட்டிருந்தது. அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிக்கு மேல் போன தொகுப்பு அது. விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று அதை வைத்தே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பழைய ராக் பாட்டுகள் தலைமுறை தாண்டியும் விற்கும் என்று 1980-இல் யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள். குறுந்தட்டுகூட அப்போது வரவில்லை.

பாட மறுத்தது

இன்னொரு முடிவை மட்டும் என்னால் அப்படி எளிதாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. கிரீடன்ஸ் பாட்டுகளை மேடையில் பாடுவதில்லை என்று ஃபோகர்ட்டி வைத்துக்கொண்டார். தான் பாடும் ஒவ்வொரு முறையும் தலைவருக்குக் காசு போகிறது என்பது அவர் வாதம்.

கணக்கில் அது உண்மைதான். அரங்கம் செலுத்தும் உரிமக் கட்டணத்திலிருந்து வெளியீட்டாளருக்கும் எழுதியவருக்கும் பங்கு போகும். ஆனால் ஒரு மேடையில் பாடாததால் நிறுவனம் இழப்பது சொற்பம். வானொலி அந்தப் பாட்டுகளைப் போட்டுக்கொண்டேதான் இருந்தது, தொகுப்பு விற்றுக்கொண்டேதான் இருந்தது, வேறு பாடகர்கள் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். நஷ்டப்பட்டது ரசிகர்களும் அவரும். ஒப்பந்தம் பாட்டின் வருமானத்தைத்தான் எடுத்துக்கொண்டது, பாடும் சுதந்திரத்தை அது தொடவே இல்லை. அதை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

1985: திரும்பி வந்தது, வம்பை இழுத்தது

1985 ஜனவரியில் வார்னர் நிறுவனத்தில் 'சென்டர்ஃபீல்ட்' ஆல்பம் வந்தது. மறுபடியும் எல்லா வாத்தியமும் அவரே. அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் போனது, குழுவாக இருந்தபோது தனிப்பாட்டில் கிடைக்காத இடம். முதலில் வந்த 'தி ஓல்ட் மேன் டவுன் தி ரோட்' பாட்டு பத்துக்குள் நுழைந்தது.

ஆனால் அதே ஆல்பத்தில் பேராசைக்காரர் ஒருவரைப் பற்றி ஒரு பாட்டும், தலைவரின் பெயரை லேசாகத் திருப்பி, ஆடத் தெரியாது ஆனால் காசைத் திருடும் பன்றி என்று இன்னொரு பாட்டும் இருந்தன. யாரைச் சொல்கிறார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. தலைவர் 14 கோடியே 40 லட்சம் டாலர் கேட்டு அவதூறு வழக்குப் போட்டார். பாட்டில் வரும் அந்தப் பெயரின் முதல் எழுத்தை மாற்றி அடுத்த பிரதிகளை அச்சடித்தார்கள். வழக்கு பிறகு சமரசத்தில் முடிந்தது.

கோபம் நியாயமானதுதான், ஆனால் அதை ஆல்பத்துக்குள் வைத்ததற்குக் கொடுத்த விலை அதிகம். பத்து வருடத்துக்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றி, எதிராளிக்கு வழக்குப் போடக் காரணத்தையும் சேர்த்தே கொடுத்தது. பதிப்புரிமை வழக்கும் இதே காலத்தில்தான் வந்தது.

குற்றச்சாட்டு

ஃபேன்டஸியின் வாதம்: 'ஓல்ட் மேன்' பாட்டு 1970-இல் வந்த 'ரன் த்ரூ தி ஜங்கிள்' பாட்டுக்கு வேறு வரி போட்டது, அவ்வளவே. ஜங்கிள் பாட்டை வியட்நாம் போர்ப் பாட்டு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் பெருகிக்கிடக்கும் துப்பாக்கிகளைப் பற்றித்தான் எழுதினேன் என்று ஃபோகர்ட்டி சொல்லியிருக்கிறார். சங்கதி என்னவென்றால் அந்தப் பாட்டு முழுக்க ஒரே கார்டில், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஒரே சுரக்கூட்டில், நிற்கிறது. சதுப்புநிலத்து இருட்டைக் கொண்டுவரும் கிட்டார், தாழ்ந்த தாளம், மேலே அவருடைய அடித்தொண்டைக் குரல். ஓல்ட் மேன் பாட்டும் அதே நிலத்தில்தான் நடக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு ஒற்றுமை தெரியாமல் போகாது. அதனால்தான் இந்த வழக்கை வெறும் பழிவாங்கல் என்று ஒதுக்க நீதிமன்றத்தாலும் முடியவில்லை.

சாதாரணமாக இப்படிப்பட்ட வழக்கில் பிரதிவாதி பழைய பாட்டைக் கேட்டிருக்க வாய்ப்பு உண்டா என்பதே பெரிய சண்டையாக இருக்கும். இங்கே அந்தக் கேள்விக்கே இடமில்லை, எழுதியவரே அவர்தான். ஆகவே முழுப் பாரமும் ஒரே கேள்வியில் விழுந்தது: ஒத்திருப்பது பாட்டா, பாணியா? பாணிக்கு யாரும் பதிப்புரிமை கோர முடியாது. ஆனால் ஒரு மனிதனின் பாணி எங்கே முடிகிறது, பாட்டு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது யார்?

விசாரணைக்கு முன்பே வழக்கை முடிக்க அவர் தரப்பு முயன்றது. ஜங்கிள் பாட்டுக்கு எனக்கு இன்னும் ராயல்டி வருகிறது, நானும் அதன் பயனில் உரிமையுள்ளவன், என் சொத்தை நானே எப்படி மீற முடியும் என்று கேட்டார்கள். 1987-இல் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. சட்டப்படி உரிமையாளர் யாரோ அவர், எழுதியவர் மேலும் வழக்குப் போடலாம் என்று சொல்லிவிட்டது. பாட்டு எழுதுகிற யாரும் இந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

நடுவில் மேடையில் நடந்தது

அதே 1987-இன் ஆரம்பத்தில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சின்ன கிளப்பில் ஃபோகர்ட்டி மேடை ஏறியபோது, பாடகர்கள் பாப் டிலனும் ஜார்ஜ் ஹாரிசனும் அங்கே இருந்தார்கள். கிரீடன்ஸின் 'பிரௌட் மேரி' பாட்டை இனியும் நீ பாடாவிட்டால் உலகம் அதை, பின்னால் அதைப் பாடிய பாடகி டினா டர்னரின் பாட்டு என்றே நினைத்துக்கொள்ளும் என்கிற பொருளில் டிலன் சொன்னாராம். ஃபோகர்ட்டி அன்று பாடினார். ஜூலை 4-ஆம் தேதி வாஷிங்டன் பக்கத்தில் வியட்நாம் போர் வீரர்களுக்காக நடந்த நிகழ்ச்சியில் கிரீடன்ஸ் பாட்டுகளை வரிசையாகப் பாடினார். வக்கீல்களால் ஆகாத ஒன்றை ஒரு சக கலைஞரின் குத்தல் செய்திருக்கிறது.

முழுத் தெளிவு 1990-இல் வந்தது என்று அவரே சொல்கிறார். ப்ளூஸ் கலைஞர் ராபர்ட் ஜான்சனின் கல்லறையைத் தேடி மிசிசிப்பிக்குப் போனபோது, இவர் பாட்டுகளின் உரிமையும் இன்று எங்கோ ஒரு வக்கீலிடம் இருக்கும், அதனால் இவை இவர் பாட்டுகள் இல்லையென்று ஆகிவிடுமா என்று தோன்றியதாம்.

1988: சாட்சிக் கூண்டில் கிட்டார்

சான் ஃபிரான்சிஸ்கோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஜூரி முன்னால் விசாரணை நடந்தது. அவர் தரப்பு எடுத்த முக்கிய முடிவு, நிபுணர்களின் தாள்களை மட்டும் நம்பாமல் கிட்டாரையே சாட்சிக் கூண்டுக்குக் கொண்டுபோனது. ஒரு மெட்டு எப்படிப் பிறக்கிறது, ஒரே கை ஏன் ஒரே மாதிரி அடிக்கிறது, அப்படி அடித்தும் பாட்டு எங்கே பிரிகிறது என்று வாசித்தே காட்டினார்.

இசை தெரியாத ஜூரிக்குச் சுரக்குறிப்பு அட்டவணைகளைக் காட்டினால் ஒற்றுமைதான் கண்ணில் படும். ஒரே ஆள் தன் பழக்கமான விரல் நகர்விலிருந்து இரண்டு பாட்டைப் பிரித்தெடுப்பதை நேரில் பார்த்தால் வேற்றுமை காதில் விழும். ஆதார உத்தி என்ற அளவில் இந்த வழக்கில் எடுத்த மிகச் சிறந்த முடிவு இதுதான் என்பேன். ஜூரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

ஜெயித்த பிறகு வந்த பில்

வென்றாலும் வழக்குச் செலவு பத்து லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. அமெரிக்காவில் வழக்கமாக அவரவர் வக்கீலுக்கு அவரவர்தான் கொடுக்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 505-ஆவது பிரிவு மட்டும் ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறது. ஜெயித்த தரப்புக்கு வக்கீல் கட்டணம் தரச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் பல நீதிமன்றங்களில் இரட்டை அளவுகோல் நடைமுறையில் இருந்தது. வழக்குப் போட்டவர் ஜெயித்தால் கட்டணம் ஏறக்குறையத் தானாகக் கிடைக்கும். பிரதிவாதி ஜெயித்தால், வழக்கு ஆதாரமற்றது அல்லது கெட்ட எண்ணத்தில் போட்டது என்று நிரூபிக்க வேண்டும். ஃபேன்டஸியின் வழக்கு அப்படிப்பட்டதில்லை என்று விசாரணை நீதிமன்றம் சொன்னது. கட்டணம் கிடையாது. 1993-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது.

இந்த இடத்தில் பெரும்பாலோர் விட்டுவிடுவார்கள். உச்ச நீதிமன்றம் வரை போவதற்கே இன்னும் செலவாகும். ஃபோகர்ட்டி போனார். 1994 மார்ச் 1-ஆம் தேதி தீர்ப்பு. ஒன்பது நீதிபதிகளும் அவருக்குச் சாதகமான முடிவுக்கு வந்தார்கள், ஒருவர் மட்டும் தனிக் காரணம் எழுதினார். தலைமை நீதிபதி எழுதிய தீர்ப்பின் சாரம் இது: பதிப்புரிமைச் சட்டத்தின் நோக்கம் உரிமையாளருக்குக் காவல் நிற்பது மட்டுமல்ல, மக்களுக்குப் படைப்புகள் கிடைக்கச் செய்வதும்தான். ஒரு பிரதிவாதி நியாயமாகப் போராடி ஜெயிக்கும்போதும் அந்த நோக்கம் அதே அளவு நிறைவேறுகிறது. ஆகவே இரு தரப்புக்கும் ஒரே அளவுகோல்தான்.

வழக்கு கீழே திரும்பியது. இம்முறை விசாரணை நீதிமன்றம் 13 லட்சத்து 47 ஆயிரம் டாலருக்கு மேல் தரச் சொன்னது. 1996-இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. அவர் தற்காத்துக்கொண்டதால் இதே சதுப்புநில ராக் பாணியில் அவரும் பிறரும் இனிமேல் புதிய பாட்டு எழுத வழி திறந்தது என்பதையும் கணக்கில் எடுத்தார்கள்.

தீராமல் போனவை

1990 செப்டம்பரில் அண்ணன் இறந்தார். சண்டைக் காலத்தில் அவர் தலைவரின் பக்கம் நின்றவர். இருவரும் மனம்விட்டுச் சமாதானம் ஆகவே இல்லை. 1993-இல் ராக் இசைக்கான புகழ்மண்டபத்தில் குழுவைச் சேர்த்தபோது, மிச்சமிருந்த இரு கூட்டாளிகளோடு சேர்ந்து வாசிக்க ஃபோகர்ட்டி மறுத்து வேறு கலைஞர்களோடு மேடை ஏறினார். 1995-இல் அவர்கள் குழுவின் பெயரைச் சற்றே மாற்றி ஊர் ஊராக வாசிக்கக் கிளம்பினார்கள். அதன் மேலும் வழக்கு. நிறுவனத்தோடு நடந்த சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று ஓரளவு சொல்லிவிடலாம், குழுவுக்குள் நடந்ததில் சொல்ல முடியாது. நாலு பேரில் ஒருவர் எல்லாவற்றையும் தீர்மானித்தார் என்பது மற்ற மூவரின் கதை. அந்த ஒருவர் இல்லாவிட்டால் பாட்டே இல்லை என்பது அவர் கதை. இரண்டும் உண்மை.

இதற்கிடையே 1997-இல் வந்த அவருடைய ஆல்பத்துக்குச் சிறந்த ராக் ஆல்பம் என்று கிராமி கிடைத்தது.

முடிவு எங்கிருந்து வந்தது

2004-இல் கான்கார்ட் என்ற நிறுவனம் ஃபேன்டஸியை வாங்கியது. புதிய நிர்வாகம் 1980-இல் விட்டுக்கொடுத்த பாடகர் ராயல்டியைத் திரும்பத் தந்தது. எந்த நீதிமன்றமும் தரச் சொல்லவில்லை, ஒப்பந்தப்படி கடமையும் இல்லை. ஃபோகர்ட்டி அதே ஃபேன்டஸி முத்திரையில் மறுபடி ஆல்பம் போட்டார். முப்பது வருடம் பெயரைக் கேட்டாலே கொதித்தவர். எதிராளியாக இருந்தது நிறுவனத்தைவிட நிறுவனத்தில் இருந்த ஒரு மனிதர்தான் என்பது இதிலிருந்து தெரிகிறது.

பாட்டின் உரிமை இன்னும் பாக்கி இருந்தது. 1978-க்கு முன் எழுதிக்கொடுத்த உரிமைகளை ஐம்பத்தாறு வருடம் கழித்து எழுதியவர் திரும்பக் கேட்க அமெரிக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அதுவும் அமெரிக்க எல்லைக்குள் மட்டும். 1969, 1970 பாட்டுகளுக்கு அந்தக் கெடு 2025, 2026-இல் விழும். கெடு நெருங்க நெருங்க உரிமையாளரின் கையில் இருக்கும் சொத்தின் மதிப்பு குறையும், பேரம் பேச மனம் வரும். 2023 ஜனவரியில் கிரீடன்ஸ் பாட்டுகளின் வெளியீட்டு உரிமையில் பெரும்பங்கை ஃபோகர்ட்டி கான்கார்டிடமிருந்து விலைக்கு வாங்கினார். 65-க்கும் மேற்பட்ட பாட்டுகள். அப்போது அவருக்கு எழுபத்தேழு வயது.

ஒலிப்பதிவுகள் இன்னும் கான்கார்டிடம்தான். 2025-இல், எண்பது வயதில், பழைய கிரீடன்ஸ் பாட்டுகளைப் புதிதாகப் பதிவுசெய்து ஓர் ஆல்பம் வெளியிட்டார்.

இன்று நடந்தால்

ஒப்பந்தத்தில் முதலில் மாற வேண்டியது எண்ணிக்கைச் சரத்து. உரிமையை இழந்ததைவிட அதுதான் அவரை அதிகம் முடக்கியது என்பது என் கணிப்பு. 1970-இல் அதற்கு ஒரு காலவரம்பு வைத்திருந்தால், பத்து லட்சம் டாலர் விடுவிப்பும் ராயல்டியை விட்டுக்கொடுத்ததும் தேவைப்பட்டிருக்காது. அடுத்தது, கலைஞரும் பேரம் பேசுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. மூன்றாவதாக எதையும் சட்டத்தின் மேல் போட முடியாது. பாடாமல் இருந்த வருடங்கள் அவருடைய சொந்த முடிவு.

வழக்கைப் பொறுத்தவரை நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது, அவருக்குச் சாதகமாக என்று சொல்ல முடியாது. அவர் பெயரால் வந்த 1994 தீர்ப்பு, கட்டணத்தை எப்போது தரலாம் என்பதற்கு அளவைகளைச் சொன்னதே தவிர எதற்கு எவ்வளவு எடை என்று சொல்லவில்லை. 2016-இல், வெளிநாட்டில் மலிவாக வாங்கிய பாடப்புத்தகங்களை அமெரிக்காவில் விற்ற ஒரு தாய்லாந்து மாணவரின் வழக்கில், உச்ச நீதிமன்றம் அந்த எடையைச் சொன்னது. தோற்ற தரப்பின் வாதம் நியாயமானதாக இருந்ததா என்பதற்கு அதிக முக்கியத்துவம் தர வேண்டும், ஆனால் அதுவே முடிவு ஆகிவிடக்கூடாது. ஃபேன்டஸியின் வழக்கு ஆதாரமற்றதல்ல என்று விசாரணை நீதிமன்றம் முதலிலேயே எழுதிவைத்திருந்தது. அந்தக் குறிப்போடு இன்று போனால், தன் பெயரில் இருக்கும் விதியை வைத்தே ஃபோகர்ட்டிக்கு அந்த 13 லட்சம் டாலர் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.